மைன்கிராஃப்ட் ஆடும்போது குமட்டினால் எதை முதலில் மாற்ற வேண்டும்?

நாற்காலியில் அசையாமல் அமர்ந்து மைன்கிராஃப்ட் ஆடுபவருக்கு, கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் போனவரைப் போல வயிற்றைப் புரட்டுவது வேடிக்கையாகத் தோன்றலாம்; ஆனால் கண் 'ஓடுகிறோம்' என்று சொல்ல, உட்செவியின் அரைவட்டக் குழல்களில் உள்ள நீர்மம் 'இருந்த இடத்திலேயே இருக்கிறோம்' என்று சொல்வதால் மூளை குழம்புவதே அதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. உட்செவியை நம்மால் மாற்ற முடியாது. கண்ணுக்குத் தெரிவதை மாற்றலாம்.

முதலில் அமைப்புகளுக்குள் சென்று 'வியூ பாபிங்' என்பதை அணைத்துவிடுங்கள். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் காட்சி மேலும் கீழும் ஆடுவதும், திரையின் ஓரத்தில் தெரியும் கை குலுங்குவதும் அத்துடன் நின்றுவிடும். தரையில் வழுக்கிக்கொண்டு போவது போன்ற உணர்வு சிறிது நேரம் இருக்கும், பிறகு பழகிவிடும். என் அனுபவத்தில் பாதித் தொல்லை இதிலேயே தீர்ந்தது.

அடுத்தது 'எஃப்ஓவி' எனப்படும் பார்வைக் கோணம். கணினியில் ஆடும் ஜாவா பதிப்பில் அது இயல்பாக 70 என்று இருக்கும், 110 வரை கூட்டலாம். திரைக்கு மிக அருகில் அமர்பவருக்கு 70 என்பது குழாய் வழியே பார்ப்பது போல இருக்கக்கூடும் என்பதால், ஐந்தைந்தாகக் கூட்டி 85 அல்லது 90 வரை சென்று பாருங்கள்; அதற்கு மேல் ஓரங்கள் இழுபட்டுத் தெரிந்து வேறுவிதமாகத் தலைசுற்றலாம். வேகமாக ஓடும்போது இந்தக் கோணம் தானாக விரிவதைத் தடுக்க 'எஃப்ஓவி எஃபெக்ட்ஸ்' அளவையும், 'நெதர்' என்ற வேறோர் உலகத்துக்குக் கொண்டுசெல்லும் வாசலில் நிற்கும்போது திரை நெளிவதைக் குறைக்க 'டிஸ்டார்ஷன் எஃபெக்ட்ஸ்' அளவையும் இறக்கிவிடுங்கள். அப்படியும் சரிப்படாவிட்டால் எஃப்5 விசையை அழுத்தி, பாத்திரத்தைப் பின்னாலிருந்து பார்த்து ஆடலாம்.

விளக்கை அணைத்துவிட்டு ஆடாதீர்கள். திரையைச் சுற்றிலும் அசையாத சுவரும் மேசையும் தெரிந்தால் கண்ணுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். இருக்கையையும் சற்றுப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுதல், நெற்றியில் குளிர்ந்த வியர்வை ஆகியவை வாந்திக்கு முன்பே வந்து எச்சரிக்கும். 'இந்தச் சுரங்கத்தை மட்டும் தோண்டிவிட்டு எழுகிறேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் மீதி நாளும் கெட்டுவிடும். உடனே எழுந்து, ஜன்னல் வழியே தொலைவில் உள்ள ஏதேனும் ஒன்றைப் பாருங்கள். பயணத்துக்கான வாந்தி மாத்திரைகளில் பல தூக்கத்தை வரவழைப்பவை என்பதால், விளையாட்டுக்காக அவற்றை விழுங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மறுநாள் பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள்.