போர்ட் வைன் மச்சத்துக்கு லேசர் பண்ணப் போறீங்களா?
பொறந்ததுலேர்ந்தே தட்டையா செவப்பா இருக்குற போர்ட் வைன் மச்சம் தானா மறையாது, வயசாக வயசாக பெரும்பாலும் கருத்து தடிக்கும், அதனால பாப்பாவா இருக்கும்போதே தோல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க, நெத்தியிலயோ கண் இமையிலயோ இருந்தா கண் டாக்டரும் நரம்பு டாக்டரும் பாக்கணும், இத தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க.

வழக்கமா பண்றது 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர், அதாவது விட்டு விட்டு ஒளி அடிக்கிற லேசர். ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் அந்த ஒளிய உறிஞ்சி சூடாகும், அந்த சூட்டுல மச்சத்துல இருக்குற ரத்தக்குழாய் அடைஞ்சிடும். ஒரு தடவைல முடியாது, சில வாரம் இடைவெளி விட்டு பல சிட்டிங் போகணும். நம்ம மாநிற தோல்ல, தோலுக்கு நிறம் குடுக்குற மெலனினும் ஒளிய இழுத்துக்கும், அதனால மொதல்ல சின்ன எடத்துல டெஸ்ட் பண்ண சொல்லுங்க, லேசர் பண்ணும்போது தோல குளிர வைக்கிற கூலிங் இருக்கான்னும் கேளுங்க.

பண்ணதும் ஊதாவா கன்னிப்போகும், 1-2 வாரத்துல போயிடும், பயப்படாதீங்க. தேய்க்காதீங்க, வெயில் படவிடாதீங்க, கொப்புளம் வந்தா உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க.