முந்திரித் தோப்பு வீட்டில் முந்திரி இல்லாத குச்சி ஐஸ்

எங்கள் சின்னவனுக்குப் பாலும் ஆகாது, முந்திரியும் ஆகாது. நாங்கள் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். மாமியார் வீடு பண்ருட்டிப் பக்கம். 2011இல் 'தானே' என்ற புயலுக்குப் போனது போக மிச்சமிருக்கும் முந்திரித் தோப்புக்கு நடுவில். "முந்திரிக்காரன் ஊட்டுப் புள்ளைக்கு முந்திரி ஆவாதா? வெளிய சொன்னா சிரிப்பாங்கடி" என்றார் அத்தை. ஒரு வாய் பாயசத்துக்கே உதடு வீங்கி, உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகத் தடித்ததை நேரில் பார்த்த பிறகுதான் நம்பினார். இப்போது அவனுக்கு ஆறு வயது. சில்வர் பீச்சில் குல்ஃபி வண்டி மணி கேட்டால் என் கையைப் பிடித்து இழுப்பான். அதற்காகக் கற்றுக்கொண்டதுதான் இதெல்லாம்.

முதலில் மிக்ஸி ஜார். போன கோடையில் பாலும் இல்லை, முந்திரியும் இல்லை என்று பார்த்துப் பார்த்து ஐஸ் செய்தேன். பாதி தின்பதற்குள் உதடு தடித்துவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த மருந்தில் அடங்கியது என்றாலும் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. மூன்று நாள் முன்பு அதே ஜாரில் வெள்ளைக் குருமாவுக்கு முந்திரி அரைத்திருந்தேன். கழுவாமல் இல்லை, இரண்டு முறை கழுவினேன். மூடியில் இருக்கும் ரப்பர் வாஷரை ஹேர்பின்னால் நெம்பி எடுத்தேன். அந்தப் பள்ளத்தில் வெள்ளையாக, காய்ந்த மாவு மாதிரி விழுது அப்பியிருந்தது. காய்ச்சினாலும் உறைய வைத்தாலும் முந்திரியின் ஒவ்வாமை போகாது. அன்றோடு அவனுக்கென்று தனி ஜார், தனி வடிகட்டும் துணி, தனி ஐஸ் அச்சு. ஜார் பிடியில் நீல நூல் கட்டியிருக்கிறேன். யாரும் தொடக் கூடாது.

எது ஆகாது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூச்சு இழுத்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, பிள்ளை துவண்டு போனாலோ கை வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். "ஆட்டுப்பால் கொடுத்துப் பாரேன்" என்று தெருவில் பாதிப் பேர் சொல்வார்கள். பசும்பால் புரதம் ஆகாத பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆட்டுப்பாலும் ஆகாது. கடையில் ஐஸ்கிரீம் என்று போடாமல் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட்டிருந்தால் பால் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கொழுப்புக்குத்தான் அதில் தாவர எண்ணெய். பெரும்பாலும் பால் பவுடர் இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் பால், வே, கேசினேட் (இவை இரண்டும் பாலிலிருந்து வருபவைதான்) என்று எது இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள்.

சரி, ஐஸுக்கு வருவோம். வெறும் பழச்சாற்றை உறைய வைத்தால் பல் கூசும் கட்டியாகத்தான் வரும். குல்ஃபியில் அந்த மழமழப்பு வருவது பால் சுண்டி, கொழுப்பும் சர்க்கரையும் கெட்டிப்படுவதால். எனக்கு அந்த வேலையைக் கேழ்வரகுப் பாலும் தேங்காய்ப் பாலும் செய்கின்றன. 75 கிராம் கேழ்வரகைக் கழுவி ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். காலையில் தண்ணீர் விட்டு மையாக அரைத்து, மெல்லிய துணியில் பிழியுங்கள். சக்கையை இன்னொரு முறை அரைத்துப் பிழிந்து, எல்லாம் சேர்த்து இரண்டரை டம்ளர் வரட்டும். மிதமான தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், திடீரென்று அடியில் திரளும். அந்த நேரம் போன் வந்தால் எடுக்காதீர்கள். பச்சை வாடை போய்ப் பளபளப்பு வந்து, கரண்டியிலிருந்து கனமாக ஒழுகும்போது இறக்குங்கள். 125 கிராம் வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய் போடுங்கள். நன்றாக ஆறிய பிறகு ஒரு டம்ளர் கெட்டித் தேங்காய்ப் பால். சூட்டில் ஊற்றினால் திரியலாம்.

இப்போது ருசி பாருங்கள். கொஞ்சம் திகட்ட வேண்டும். சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். அதோடு வெல்லம் குறைந்தால் ஐஸும் கல்லாகிவிடும். அச்சில் விரலளவு இடம் விட்டு ஊற்றுங்கள், உறையும்போது உப்பும். எட்டு மணி நேரம். எடுக்கும்போது அச்சை பச்சைத் தண்ணீரில் பத்து எண்ணும் வரை பிடித்தால் வழுக்கிக்கொண்டு வரும். பத்துக் குச்சி வரை கிடைக்கும். தேங்காயும் ஆகாத பிள்ளைகள் உண்டு; புதிதாகக் கொடுப்பதானால் அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலாப்பழக் காலத்தில் இவ்வளவு பாடு இல்லை. அத்தை பஸ்ஸில் கொடுத்தனுப்பும் சுளைகளைக் கொட்டை நீக்கி, பொடியாக அரிந்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய வைப்பேன். மறுநாள் இரண்டு ஸ்பூன் தேங்காய்ப் பாலோடு நீல நூல் ஜாரில் விட்டு விட்டு ஓட்டினால் போதும். வேறு இனிப்பே வேண்டாம். என்னைக் கேட்டால் கேழ்வரகைவிட இதுதான் உசத்தி, ஆனால் சின்னவன் ஒத்துக்கொள்ள மாட்டான். நுங்கு, தர்பூசணி எல்லாம் நறுக்கி உறைய வைத்தாலே ஐஸ்தான். திராட்சையை மட்டும் முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

மேலே தூவ முந்திரிக்குப் பதில் வறுத்த பொட்டுக்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துப் போடுவேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆகாத சில பிள்ளைகளுக்குப் பொட்டுக்கடலை மாதிரிக் கடலை வகையும் ஒத்துக்கொள்வதில்லை, அவர்கள் வறுத்த தேங்காய்த் துருவல் போடலாம். பொட்டுக்கடலையை மூட்டையிலிருந்து சில்லறையாக வாங்காதீர்கள். முந்திரி அள்ளிய அதே கரண்டிதான் அடுத்த மூட்டைக்கும் போகிறது, நானே நின்று பார்த்திருக்கிறேன். பாக்கெட்டில் வாங்கினாலும் பின்பக்கம் படியுங்கள்.

புயல், மழை என்றால் எங்கள் ஊரில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசு வைத்திருக்கிறேன். ஊருக்குப் போய்த் திரும்பியதும் முதலில் அந்த டம்ளரைத்தான் பார்ப்பேன். காசு மேலேயே இருந்தால் ஐஸ் நல்ல ஐஸ். அடியில் கிடந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. பத்துக் குச்சியையும் தொட்டியில் கொட்டிவிட்டு கேழ்வரகை ஊறப் போடுவேன்.