வளவுக்கு வரும் குருவிகளிடம் நாங்கள் விடும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் குருவி பார்க்கக் காடு தேடிப் போகத் தேவையில்லை. தோட்டத்தில் மண்வெட்டியால் கொத்தத் தொடங்கினால் மைனாக்கள் காலடிக்கே வந்துவிடும். கிணற்றடியில் சட்டி பானை கழுவினால் புலுனிக் (தவிட்டுக்குருவி) கூட்டம் சோற்றுப் பருக்கைக்கு இறங்கும். புழுவுக்கும் பருக்கைக்கும் வருகின்றன, கொஞ்சம் புதினம் பார்க்கவும் வருகின்றன. இந்த நெருக்கத்தை நாங்கள் கெடுப்பது பெரும்பாலும் அன்பு மிகுந்துதான். எவ்வளவு கிட்ட வருவது என்பதைக் குருவியே தீர்மானிக்க விட்டால் பாதித் தவறு குறைந்துவிடும்.

மனம் மிகவும் நோகிற தவறு குஞ்சுகள் விஷயத்தில் நடக்கிறது. வால் கட்டையான புலுனிக் குஞ்சொன்று வேலியோரம் தத்தித் தத்தித் திரியும். "ஐயோ, தாயை விட்டிட்டு விழுந்திட்டுது" என்று பிள்ளைகள் தூக்கிவந்து, பெட்டியில் வைத்து, பாலில் பாணை நனைத்து ஊட்டுவார்கள். விடியப் பார்த்தால் பெரும்பாலும் செத்துக் கிடக்கும். உண்மையில் அது விழவே இல்லை. புலுனிக் குஞ்சுகள் நன்றாகப் பறக்கப் பழகும் முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். தாய் தகப்பன் மட்டுமல்ல, கூட்டத்திலுள்ள மற்றப் புலுனிகளும் இரை கொண்டுவந்து கொடுக்கும். நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை அவை கீழே வராமல் மரத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கும். எனவே பூனையைத் துரத்திவிட்டு, குஞ்சைப் பூவரசம் வேலியில் ஒரு கிளையில் ஏற்றிவிட்டு, பேசாமல் வீட்டுக்குள் போய்விடுங்கள். இறகு முளைக்காத குஞ்சென்றால் கூட்டைத் தேடித் திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்வதை நம்ப வேண்டாம். அந்த மணத்துக்காகக் குருவிகள் குஞ்சைக் கைவிடுவதில்லை.

வட்டில்லாத மொட்டைப்பனைப் பொந்திலிருந்து கிளிக்குஞ்சை எடுத்துக் கூண்டில் வளர்ப்பதையும் சிலர் பாசம் என்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தேன்சிட்டு வந்து கொத்துவதைக் கண்டிருப்பீர்கள். விளிம்பில் கால் ஊன்றி, குனிந்து பார்த்து, ஒரு கொத்துக் கொத்தும். கண்ணாடிக்குப் பின்னால் போய் ஆளைத் தேடும். யாரும் இல்லையென்று மறுபடி முன்னால் வந்து கொத்தும். விளையாடுகிறது என்று நினைத்து வீடியோ எடுக்கிறோம். அதுவோ தன் உருவத்தைப் பார்த்து, எல்லைக்குள் புகுந்த எதிரி என்று சண்டை பிடிக்கிறது. குண்டுக்கரிச்சானும் இப்படித்தான். கூடு கட்டி இரை தேட வேண்டிய நேரம் இல்லாத எதிரியோடு போய்விடுகிறது. கண்ணாடியில் ஒரு சொப்பிங் பையை மாட்டிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. போனில் குருவியின் குரலைப் போட்டு அதைக் கிட்ட வரவழைப்பதும் இதே வேலைதான். அது நட்பாக வருவதில்லை, எதிரியைத் துரத்த வருகிறது.

காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் வழக்கம் நல்ல வழக்கம். வெறுஞ்சோறாக இருக்கட்டும். மிக்சர், கருவாடு போன்ற உப்புச் சாமான் வைக்கக் கூடாது, சிறிய உடம்பு அவ்வளவு உப்பைத் தாங்காது. உறைப்பைப் பற்றிப் பலர் கவலைப்படுவார்கள். பறவைகளுக்கு மிளகாயின் உறைப்புத் தெரிவதில்லை, அதனால்தான் கொண்டைக்குருவி மிளகாய்ப் பழத்தை ஆசையாக விழுங்குகிறது. பாண் வயிற்றை நிரப்புமே தவிர சத்துக் கொடுக்காது. அதைவிட நாலு பப்பாசிப் பழத்தை மரத்திலேயே விட்டுவைக்கலாம்.

தண்ணீர் வைப்பது இங்கே பெரிய உதவி. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது, சோளகக் (தென்மேற்குக்) காற்று வீசும் மாதங்களில் நிலம் காய்ந்து கிடக்கும். ஆனால் ஆழமான வாளி வைத்தால் குருவி உள்ளே விழுந்து தாழ்ந்துவிடும். மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு கல்லும் வையுங்கள். பூனை பதுங்கும் பற்றைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தினமும் ஊற்றிவிட்டுச் சட்டியை உரஞ்சிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும்.

காகம் தலையில் அடித்தால் சனி பிடித்துவிட்டது என்று பயப்படுகிறோம். மேலே அண்ணாந்து பாருங்கள், அநேகமாகக் கூடும் குஞ்சும் இருக்கும். சில நாட்களுக்குக் குடை பிடித்துக்கொண்டோ வேறு பக்கத்தாலோ போனால் போதும். கல்லெறிந்தால் பகை வளரும். அமெரிக்கக் காகங்களில் செய்த ஆய்வுகளில், தங்களுக்குத் தொல்லை தந்த முகத்தை அவை ஆண்டுக்கணக்கில் மறக்கவில்லை.

இன்னொன்று பட்டம். தைப்பொங்கல் காலத்தில் அறுந்த நைலோன் நூல் வேம்பிலும் பனையிலும் மாதக்கணக்கில் தொங்கும். கரையோரத்தில் அறுந்த தங்கூசி வலைத் துண்டுகள். குருவியின் காலிலும் சிறகிலும் சுற்றினால் அது தலைகீழாகத் தொங்கிச் சாகும். எட்டுகிற நூலையெல்லாம் அறுத்து எடுத்துவிடுங்கள். சிக்கிய பறவையைக் கண்டால் நூலை இழுக்காமல், துணியால் மூடிப் பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம்: மூச்சுக்குழல் வாய் நாக்கின் பின்பக்கத்தோடேயே இருப்பதால் தண்ணீர் நேரே அதற்குள் போய்விடும். துளை போட்ட காட்போட் பெட்டிக்குள், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.