இரண்டு 1200 ஒன்றான கதை: டிட்லிவிக்கியை மாற்றி அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தர்மபுரியில் தெரிந்தவர் வீட்டுப் பெண்ணுக்கு டிட்லிவிக்கி என்ற குறிப்பேட்டு மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். அங்காடிக்குப் போன கூட்டின் எடையை லாட் வாரியாக எழுதிவைத்து, மொத்தம் தானாக வருகிற மாதிரி செய்திருந்தாள். "அண்ணா, நானே ஃபில்டர் எழுதிட்டேன், பாருங்க" என்று லேப்டாப்பைத் திருப்பினாள். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் எழுதி நஷ்டப்பட்ட அதே வரி. ஊரும் பொருளும்தான் வேறு.

அன்று வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். சேமிக்காமல் மூடுவது, பேக்கப் எடுக்காதது, டவுன்லோட் ஃபோல்டரில் பழைய பிரதியைத் திறந்துவிட்டு முழிப்பது ஆகியவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் யாரும் மறக்க மாட்டார்கள். பட்டதே தெரியாமல் போகிற தவறுகள்தான் எனக்குக் கவலை.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டிட்லிவிக்கி 2004-இல் ஜெரமி ரஸ்டன் உருவாக்கியது. நோட்டு முழுவதும் ஒரே எச்டிஎம்எல் ஃபைல். பிரவுசரில் திறந்தால் போதும், நெட் வேண்டாம். ஒவ்வொரு குறிப்புக்கும் டிட்லர் என்று பெயர். டிட்லருக்கு டேக் என்ற அடையாளச் சொல் போடலாம், ஃபீல்டு என்ற தனி விவரப் பகுதி சேர்க்கலாம். எந்த டிட்லர்கள் வேண்டும் என்று பொறுக்குவது ஃபில்டர். பொறுக்கியதைப் பட்டியலாகவோ பட்டனாகவோ கட்டமாகவோ காட்டுவது விட்ஜெட்.

பிளகினின் ஷேடோ டிட்லரில் கை வைப்பது

பிளகின் என்ற கூடுதல் வசதித் தொகுப்போடு வரும் டிட்லர்களை ஷேடோ என்பார்கள். அதில் ஒன்றைத் திறந்து திருத்திச் சேமித்தால், அசல் அழிவதில்லை. உங்கள் பிரதி அதன் மேல் போர்த்திக்கொள்கிறது. அந்த நேரத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த பதிப்புக்குப் போகும்போதுதான் தகராறு. பிளகின் புதிதாகிவிடும், நீங்கள் திருத்திய டிட்லர் மட்டும் பழையதாகவே மேலே உட்கார்ந்திருக்கும். பாதி புதுசு, பாதி பழசு. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் போனது. சைடுபாரில் தமிழ் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவதற்காக என்றைக்கோ திருத்தியதை நானே மறந்திருந்தேன்.

திருத்திய பிரதியை அழித்தால் அசல் திரும்பி வந்துவிடும், பயப்பட வேண்டாம். எழுத்து அளவு, நிறம் மாதிரி விஷயங்களுக்கு ஷேடோவைத் தொடவே தேவையில்லை. தனியாக ஒரு டிட்லரில் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் எழுதி, ஸ்டைல்ஷீட் டேக்கைப் போட்டால் போதும்.

கூட்டல் ஃபில்டர்

இதுதான் நான் சொல்ல வந்தது.

எங்களுக்குக் காவேரிப்பட்டினம் பக்கம் இரண்டு மாந்தோப்பு. மேட்டுத்தோட்டம் ஒன்று, ஏரிக்கரை ஒன்று. இரண்டிலும் பெரும்பாலும் பெங்களூரா, அதாவது தோத்தாபுரி. கூழ் ஆலைக்குப் போகிற காய். சீசனில் பிக்கப் வண்டியில் லோடு லோடாக மண்டிக்குப் போகும். அப்பா ஒவ்வொரு எடைச்சீட்டையும் நீள நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் பேனாவால் கூட்டுவார். மூன்று வருடம் முன்பு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு லோடுக்கு ஒரு டிட்லர், தோட்டத்தின் பெயரில் டேக், கிலோ என்று ஒரு ஃபீல்டு.

ஃபில்டரை இங்கே தமிழ் எழுத்தில் காட்டுகிறேன்; நோட்டில் டேக், கெட், சம் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். நான் எழுதியது இது:

[டேக்[மேட்டுத்தோட்டம்]கெட்[கிலோ]] [டேக்[ஏரிக்கரை]கெட்[கிலோ]] +[சம்[]]

படித்தால் குற்றம் தெரியாது. மேட்டுத்தோட்டத்தின் கிலோக்களை எடு, ஏரிக்கரையின் கிலோக்களை எடு, கூட்டு. ஆனால் டிட்லிவிக்கி நடுவில் ஒரு காரியம் செய்கிறது. ஃபில்டரில் இடைவெளி விட்டு எழுதிய ஒவ்வொன்றும் ஒரு துண்டு; அடுத்தடுத்து வரும் துண்டுகளைச் சேர்க்கும்போது, ஒரே மாதிரி இருப்பதை ஒன்றாக்கிவிடும். மேட்டுத்தோட்டத்தில் ஒரு 1200, ஏரிக்கரையில் ஒரு 1200 என்றால், கூட்டலுக்குப் போய்ச் சேர்வது ஒரே ஒரு 1200.

ஏன் அப்படி? ஃபில்டர் அடிப்படையில் தலைப்புகளைப் பொறுக்கத்தான். இரண்டு டேக்கும் உள்ள ஒரு டிட்லர் பட்டியலில் இரண்டு முறை வரக் கூடாது, அதனால் ஒன்றாக்குகிறது. தலைப்புக்கு அது சரி. ஒரே தலைப்பில் இரண்டு டிட்லர் இருக்க முடியாது. எடைக்கு அது ஆகாது. எங்கள் எடைமேடை 10 கிலோ கணக்கில்தான் காட்டும். ஒரே வண்டி, ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் காய்ப்பெட்டி. ஒரே எடை திரும்பத் திரும்ப வராமல் எப்படி இருக்கும்?

அந்த சீசனில் 26 லோடு. மூன்று எடைகள் இரண்டு தோட்டத்திலும் வந்திருந்தன: 1200, 1190, 980. என் மொத்தத்தில் 3370 கிலோ காணாமல் போனது. கிலோ 14 ரூபாய் என்று பேசியிருந்தோம். 47,180 ரூபாய்.

பணம் போனதை விட அன்று நடந்தது இன்னும் உறுத்துகிறது. அப்பா நோட்டைக் கொண்டுவந்து, "கூடக் காட்டுதேப்பா, ஒருக்கா பாரு" என்றார். நான், "நீங்க எங்கேயோ ரெண்டு தடவ எழுதியிருப்பீங்க" என்றேன். அவர் எதுவும் பேசவில்லை, நோட்டை மூடினார். மண்டியில் என் தாளைப் பார்த்தவர் மறுபேச்சில்லாமல் கணக்கை முடித்தார். ஐந்து வாரம் கழித்து எடைச்சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "நீங்க குடுத்த கணக்குதானே தம்பி" என்றார்கள். அப்பாவின் நோட்டு கிலோ மாறாமல் சரியாக இருந்தது.

சரி, எப்படி எழுத வேண்டும்? முதலில் டிட்லர்களை மட்டும் பொறுக்குங்கள். எடையை எடுப்பதையும் கூட்டுவதையும் கடைசித் துண்டில் ஒன்றாக வையுங்கள்:

[டேக்[மேட்டுத்தோட்டம்]] [டேக்[ஏரிக்கரை]] +[கெட்[கிலோ]சம்[]]

ஒரே துண்டுக்குள் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது எதுவும் ஒன்றாக்கப்படாது. கெட்டை ஒரு துண்டிலும் சம்மை இன்னொரு துண்டிலும் பிரித்தால், இப்போதைய பதிப்புகளில் மறுபடி அதே வினைதான்.

இன்னொரு வழியும் உண்டு. துண்டின் முன்னால் சமக்குறி போட்டால் ஒன்றாக்குவதை நிறுத்திவிடும். பலர் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. தவறிப்போய் ஒரு லோடுக்கு இரண்டு தோட்டத்தின் டேக்கும் விழுந்திருந்தால் சமக்குறி அதை இரண்டு முறை எண்ணும். முதல் வழியில் அந்தப் பயமும் இல்லை.

மொத்தத்துக்குப் பக்கத்தில் எண்ணிக்கையையும் காட்டுங்கள். சம் இருக்கும் இடத்தில் கவுண்ட் என்று மாற்றினால் போதும். என் பழைய ஃபில்டரில் மாற்றியிருந்தால் 23 என்று வந்திருக்கும். கையில் 26 சீட்டு இருக்கும்போது 23 என்று கண்டால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். கிலோ ஃபீல்டு நிரப்ப மறந்த லோடும் இதில் பிடிபடும், ஏனென்றால் ஃபீல்டே இல்லாததை கெட் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

அந்தப் பெண்ணுக்கு அங்கேயே இதைச் செய்து காட்டினேன். புழு வளர்க்கும் பழைய மனை, புது மனை இரண்டிலும் சேர்த்து 18 லாட். கவுண்ட் 16 என்றது. அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தானே திருத்தினாள்.

எண்ணில் காற்புள்ளி

1,200 என்று எழுதினால் அது 1. காற்புள்ளி வந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிடும்.

எண்ணை அகரவரிசையில் அடுக்குவது

ஃபில்டரில் அடுக்குவதற்கு சார்ட் (sort) போட்டால் 1040 முதலில், 980 அப்புறம். எண்ணாகப் பார்த்து அடுக்கும் என்சார்ட் (nsort) போடுங்கள்.

உருவான நேரத்தை வெட்டித் தேதியாக்குவது

டிட்லர் உருவான நேரம் 17 இலக்கமாகப் பதிவாகிறது. முதல் எட்டு இலக்கம் தேதி. அதை அப்படியே வெட்டி நாள்வாரியாகப் பிரிக்கிறார்கள். பதிவாவது நம் நேரம் இல்லை, உலகப் பொது நேரம்; நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். விடியற்காலை 4 மணிக்குப் பூப்பறித்தோ காய் ஏற்றியோ பதிவு செய்தால் அது முந்தைய நாளில் விழும். ஓசூர்ப் பக்கம் ரோஜா போடும் நண்பர் ஒருவர் ஒரு மாதம் முழுக்க ஒருநாள் தள்ளியே கணக்குப் பார்த்திருக்கிறார். தேதிக்குத் தனி ஃபீல்டு வைத்துக் கையால் நிரப்புங்கள்.

மாறும் வரிசைக்குள் எழுதும் கட்டம்

லிஸ்ட் விட்ஜெட்டுக்குள் எடிட்-டெக்ஸ்ட் என்ற எழுதும் கட்டத்தை வைத்து, கடைசியாகத் திருத்திய நேரப்படி பட்டியலை அடுக்காதீர்கள். ஓர் எழுத்து அடித்ததும் அந்த வரி இடம் மாறும், கர்சர் போய்விடும். தலைப்பு வாரியாக அடுக்குங்கள்.

விட்ஜெட்டுக்குள் அட்டவணை வரவில்லையா

விட்ஜெட்டைத் தொடங்கும் கோண அடைப்புக் குறிக்குப் பிறகு ஒரு வெற்று வரி விடுங்கள்.

எடைச்சீட்டுப் படங்களை உள்ளே இழுத்துப் போடுவது

படம் நோட்டு ஃபைலுக்குள்ளேயே எழுத்துகளாக மாறி உட்காரும், அதுவும் அசலை விட மூன்றில் ஒரு பங்கு பெருத்து. ஒரு சீசன் சீட்டுகளைப் போட்டால் போனில் திறக்கவே அரை நிமிடம் ஆகும். படங்களைப் பக்கத்தில் ஒரு ஃபோல்டரில் வைத்து, கேனானிக்கல் யூஆர்ஐ ஃபீல்டில் அதன் பாதையை மட்டும் கொடுங்கள். அப்புறம் ஃபைலை வேறு இடத்துக்கு நகர்த்தும்போது அந்த ஃபோல்டரையும் கூடவே எடுத்துப் போங்கள்.