சிங்க் அடிப்பலகை உப்பியது ஏன்?

சிங்க்குக்கு அடியில் இருந்த அலமாரியின் அடிப்பலகை உப்பிப்போய்க் கதவு மூடவில்லை. குழாய்க்கு வாஷர் மாற்றினேன், சிலிக்கான் பூசினேன்; நான்கு நாள் வீண். செய்தித்தாள் விரித்துவைத்தால் காலையில் காய்ந்தே கிடந்தது.

பிறகுதான் கவனித்தேன், வீக்கம் கழிவுநீர்க் குழாய் இறங்கும் துளையைச் சுற்றி மட்டும். மேலே லேமினேட் பளபளப்பு. துளையின் வெட்டுவாயைத் தொட்டால் நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு! சிங்க்கை நிரப்பித் திறந்தால் கழிவுநீர்க் குழாயின் நட்டில் கசியும் நீர், குழாயோடு வழிந்து நேரே துளைக்குள் இறங்கியிருக்கிறது. தாள் எப்படி நனையும்?

நட்டை இறுக்கி, ஐஎஸ் 710 (நீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ள 18 மி.மீ. பிளைவுட் போட்டேன். (ஐஎஸ் 303 எம்ஆர், அதாவது காற்றின் ஈரப்பதம் மட்டும் தாங்கும் ரகம், தண்ணீர் படும் இடத்துக்கு ஆகாது.) வெட்டுத்துண்டு ஒன்றை மூன்று மணிநேரம் கொதிக்கவைத்தும் அடுக்கு பிரியவில்லை. துளையின் வெட்டுவாய்க்கு இரண்டு கை எனாமல். ஆறு மாதமாகக் கதவு சரியாக மூடுகிறது, நிம்மதி.