உகந்தை மலைக்குப் போகிறவர்களுக்கு

கிழக்கிலங்கையில் திருக்கோவில் என்பதுதான் எங்கட ஊரின் பெயர். மட்டக்களப்புப் பக்கத்துச் சொந்தக்காரர், பொத்துவிலுக்குத் தெற்கே காட்டோரம் இருக்கும் உகந்தை முருகன் கோயிலுக்கு வெளிக்கிட்டால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் கோல் எடுப்பார்கள். எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: கோயிலைக் கும்பிட்டதும் திரும்ப வாகனத்தில் ஏறிவிடாதீர்கள், மலையில் ஏறுங்கள். முருகன் அடிவாரத்தில் இருக்கிறார், வள்ளியம்மன் மேலே இருக்கிறா. கீழே மட்டும் கும்பிட்டுத் திரும்பினால் அது பாதிக் கும்பிடு.

காலமையிலேயே ஏறிவிட வேண்டும். முழுக்கப் பாறை, செருப்பும் போட முடியாது. வெயில் ஏறிவிட்டால் உள்ளங்கால் பொரிந்துவிடும். கச்சான் என்கிற சூடான மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். ஆனால் இருட்டில் அந்தக் காட்டுப் பாதையால் போகவும் கூடாது, யானை நிற்கும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கே நூறு கிலோமீற்றருக்கு மேல். ஆகவே முதல்நாள் பின்னேரம் வந்து பொத்துவிலிலோ அறுகம்பேயிலோ தங்குங்கள். வெளிச்சம் வந்ததும் புறப்பட்டால் வெயிலுக்கு முன் மலையடிக்குப் போய்விடலாம்.

வழியில் பாணமை வரும். தமிழும் சிங்களமும் ஒரே குடும்பத்துக்குள் கலந்து கிடக்கிற பழைய ஊர். கண்ணகை அம்மனை அங்கே பத்தினி என்று கும்பிடுவார்கள், இரண்டு கட்சியாகப் பிரிந்து கொம்புகளைக் கொழுவி இழுக்கும் நம்மட கொம்புமுறி விளையாட்டும் அங்கே உண்டு. தண்ணீர்ப் போத்தல், வாழைப்பழம், கற்பூரம் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு காடுதான். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிப்பாட்டி, அது போகும்வரை இருங்கள். ஹோன் அடிக்க வேண்டாம், படமெடுக்க இறங்கவே வேண்டாம்.

மலை பெரிய உயரமில்லை, ஆனாலும் அவசரப்பட்டு ஏறாதீர்கள். பாறைக் குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும் சுனைகளைப் பார்த்துப் பார்த்துப் போங்கள். காய்ந்த பாறை காலை நன்றாகப் பிடிக்கும். சுனை விளிம்பில் மட்டும் கரும்பச்சையாய் ஒரு பாசிப் பட்டை ஓடும், அதில் கால் வைத்தால் சறுக்கும். எங்கள் மாமிக்கு முழங்கால் நோ. கை கொடுக்கப் போனால், "விடு புள்ள, அம்மாவிட்ட நானே ஏறுவன்" என்பா. இரண்டு இடத்தில் குந்தியிருந்து ஏறிவிடுவா. வயது போனவர்களைக் கீழே இருத்திவிட்டுப் போகாதீர்கள், நேரம் கொடுத்தால் அவர்களும் ஏறுவார்கள். சுனைத் தண்ணீரில் சவர்க்காரம் போடுவது பெரிய பாவம். காட்டு உயிர்களுக்கும் அதுதான் குடிதண்ணீர்.

உச்சியில் வள்ளியம்மனைக் கும்பிட்டபின் கொஞ்ச நேரம் இருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் காடு. குமண தேசிய வனத்தின் வாசல் இந்த மலையடிக்குக் கிட்டத்தான். அங்கேயுள்ள பறவைகள் சரணாலயம் 1938 இலிருந்து இருக்கிறது. பறவை பார்க்க ஆசையென்றால் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் அமுக்கினால் இரண்டும் மனதில் நிற்காது.

இறங்கியதும் கடற்கரைக்குப் போங்கள். முருகனும் வள்ளியும் வந்திறங்கிய கல்தோணி என்று பெரியவர்கள் காட்டும் பாறைகள் அங்கே கிடக்கின்றன. பிள்ளைகளுக்கு அந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். அலை முரடு, கரையோடு கால் நனைத்தால் போதும்.

அமைதியாகக் கும்பிட விரும்பினால் ஆடித் திருவிழாக் காலத்தைத் தவிருங்கள். ஆனால் ஒரு முறையாவது அந்த நாட்களில் வரத்தான் வேண்டும் என்பேன். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து வேலோடு நடந்து வந்தவர்கள், நம்மட ஊர்ச் சனம், எல்லாரும் இங்கே தங்கித்தான் காட்டுப் பாதை திறந்ததும் குமுக்கன் ஆற்றைக் கடந்து கதிர்காமத்துக்கு நடப்பார்கள். அப்போது வருகிறவர்கள் அன்னதானத்துக்கு அரிசி, பருப்பு, பூசணிக்காய் என்று சாமானாகக் கொண்டுவந்து மடத்துச் சமையலில் நிற்பவர்களிடமே கொடுங்கள். பொலித்தீன் பையில் சோற்றுப் பார்சல் கட்டிவர வேண்டாம். அந்தப் பையெல்லாம் கடைசியில் மான் வயிற்றுக்குள்தான் போகிறது.