சோபாவில் பூனை மூத்திரம்: வாடை திரும்பி வராமல் இருக்க

ஈரம் காயும் முன் பழைய துண்டை நாலாக மடித்து வைத்து, அழுத்தி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பஞ்சுக்குள் இறங்கிவிடும். பிறகு கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றுங்கள். வெந்நீர் வேண்டாம், கறை துணியோடு பிடித்துக்கொள்ளும்.

சோப்புப் போட்டுத் துடைத்தும் மழைநாளில் நாற்றம் கிளம்புகிறதா? மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலம் காய்ந்து படிகமாகிவிடும். தண்ணீரில் லேசில் கரையாது. ஈரக்காற்று பட்டதும் வாடை எழும். இதற்கு என்சைம் கிளீனர்தான் (யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம்) சரி. மேலாகத் தெளித்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்களே அதிகம். மூத்திரம் இறங்கிய ஆழம் வரை கிளீனரும் இறங்கி நனைக்க வேண்டும். பழைய கறையென்றால் பிளாஸ்டிக் தாளால் மூடி ராத்திரி முழுக்க ஈரமாக வைத்து, பிறகு தானாகக் காயவிடுங்கள். சோப்பு, வினிகர் மிச்சமிருந்தால் என்சைம் சரியாக வேலை செய்யாது, முதலில் அலசிவிடுங்கள்.

டைல்ஸ் தரைக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு போதும். மார்பிளில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், பளபளப்பு போய்விடும். பிளீச் எங்குமே கூடாது: மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

இடம் தெரியாமல் நாறினால், விளக்கை அணைத்து யூவி (புற ஊதா ஒளி) டார்ச் அடித்துப் பாருங்கள்; காய்ந்த கறை மங்கலான மஞ்சள் பச்சையாகத் தெரியும்.